ம் கொட்டாதீங்க

மிருதுளா சாப்பாட்டு டப்பாவைத் திறந்து ஒரு வாய்கூட எடுத்து வைக்கவில்லை, கதவைத் தட்டாமலே ஒரு பெண் உள்ளே வந்துவிட்டாள். ஸ்கேன் கூடத்தை ஒட்டியிருந்த அந்தச் சின்ன அறைக்குள் நோயாளியின் வீட்டார் வரக் கூடாது என்று கதவிலேயே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. வந்தவள் அதைப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கதானுங்களா அந்தக் கேமராவப் பாத்துக்கறவங்க?"

"ஆமா. நீங்க?"

"தாரணிங்க. நவநீதன் சம்சாரம். எட்டாம் நம்பர் பெட்டு. இன்னிக்குச் சாயங்காலம் அவருக்கு மூணாவது சோதனைங்க."

மிருதுளா டப்பாவை மூடி வைத்தாள். மூன்றாவது சோதனை என்றால் என்ன என்று அந்தக் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவருக்கும் தெரியும். தலையில் அடிபட்டு, கண் திறக்காமல், மூச்சு மிஷினோடு கிடக்கிறவர்களை ஸ்கேனுக்குள் படுக்க வைத்துக் காதில் கேள்வி கேட்பார்கள். ஆமாம் என்று சொல்ல வேண்டுமானால் உங்கள் வீட்டுக்குள் நடப்பதாக நினையுங்கள், இல்லை என்று சொல்ல வேண்டுமானால் பந்து எறிவதாக நினையுங்கள் என்பார்கள். நினைத்தால் போதும், மூளையில் அந்தந்த இடம் திரையில் ஒளிரும். மூன்று சோதனையிலும் எதுவும் ஒளிராவிட்டால் உள்ளே ஆள் இல்லை என்று முடிவு செய்து மூச்சு மிஷினை நிறுத்திவிடலாம் என்பது சட்டம். நவநீதன் இந்த ஒரு மாதத்துக்குள் இரண்டில் தோற்றிருந்தார்.

சட்டம் போட்டவர்கள் ஒன்றும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. படுக்கை கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. எங்கேயாவது ஒரு கோடு போட்டாக வேண்டியிருந்தது, போட்டார்கள். கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

"சோதனையப் பத்தி டாக்டர் இம்மானுவேல் சார்கிட்டதான் பேசணும். நான் டாக்டர் இல்ல," என்றாள் மிருதுளா.

"அவர்கிட்டப் பேசிட்டேனுங்க. மிஷின் ஆட்டறதப் பாத்துட்டு நீயா நெனச்சுக்கறேங்கறாரு. அதான் ஆட்டத்தப் பாக்கற ஆளு யாருன்னு விசாரிச்சுட்டு வந்தனுங்க." தாரணி ஒரு மூச்சு எடுத்தாள். "நான் பேசுனா அவரு ம் கொட்டறாருங்க."

"தொண்டையில குழாய் இருக்கேம்மா. சத்தம் வராதே."

"சத்தம் வரலீங்க. தாடைக்குக் கீழ ஒரு துடிப்பு. இத்தினியூண்டு. மிஷின் ஆட்டுனா எப்பவும் ஆடோணுமில்லீங்க? இது நான் ஒரு விசயத்தச் சொல்லி முடிச்சு மூச்சு விடறப்பத்தான் வருது. பாதியில நிறுத்திப் பாத்தேன், வரலீங்க. முடிச்சேன், வந்துச்சு." சட்டென்று அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "கண்ணாலம் ஆன புதுசுல நாந்தானுங்க பழக்கி உட்டேன். கல்லாட்டம் உக்காந்துட்டு இருப்பாரு. ம் கொட்டலீன்னா நான் பேச மாட்டேன், அன்னிக்கு ராத்திரிக்குத் தோசையும் கெடையாதுன்னு சொல்லிப்போட்டேன். அதுலருந்து லேத்துப் பட்டறையில இருந்து போன்ல பேசுனாக்கூட ம், ம், ம்தான்."

சிரிப்பு வந்த வேகத்திலேயே போய்விட்டது. அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

மிருதுளாவுக்கு இந்த மாதிரிக் கதைகள் புதிதில்லை. கை அசைந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது, என் பெயரைச் சொன்னபோது விரல் துடித்தது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். கேட்டுக்கொண்டு, தலையாட்டி, தோளைத் தொட்டு அனுப்பி வைப்பது அவளுக்குப் பழகிவிட்ட வேலை. இவளையும் அப்படி அனுப்பியிருப்பாள். ஆனால் 'சொல்லி முடித்த பிறகுதான் வருகிறது' என்ற அந்த ஒரு வார்த்தை உறுத்தியது. மிஷினுக்குப் பேச்சு எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்?

அவள் படித்தது இயற்பியல். ஸ்கேன் குகைக்குள், நோயாளியின் முகத்துக்கு நேராகப் பொருத்தியிருக்கும் கேமராதான் அவள் பொறுப்பு. தலை மயிரிழை அசைந்தாலும் படம் கலங்கிப் போகும். கேமரா அந்த அசைவைப் பிடித்துக் கணினிக்குச் சொல்லும். கணினி அசைவையும், அசைவோடு சேர்ந்து வந்த எல்லாவற்றையும் படத்திலிருந்து நீக்கிவிடும். ஆஸ்பத்திரியில் அதற்குச் 'சலவை' என்று பெயர். அந்தக் கேமராவை இங்கே கொண்டுவரச் சண்டை போட்டவளே மிருதுளாதான். சலவை முடிந்து வரும் படங்களைப் பார்க்கும்போது அவளுக்கு இன்றுவரை ஒரு பெருமிதம்.

நவநீதனின் முதல் இரண்டு சோதனைகளையும் திரையில் திறந்தாள். ஒளிராத படங்களை ஒதுக்கிவிட்டு, சலவையில் கழிந்துபோன அசைவை மட்டும் கோடாக வரையச் சொன்னாள். மூச்சு மிஷினின் ஆட்டம் சீரான சின்ன அலைகளாக ஓடியது. அந்த அலைகளின் மேல், அங்கங்கே, ஊசிமுனை போல ஒரு குட்டிக் கூர்.

கேள்விக் குரலின் ஒலிப்பதிவைப் பக்கத்தில் ஓட விட்டாள். "உங்கள் பெயர் நவநீதனா?" குரல் நின்றது. கூர். "நீங்கள் பிறந்தது மதுரையிலா?" குரல் நின்றது. கூர். ஒவ்வொரு கேள்விக்கும் அப்படித்தான். ஒன்றுகூடத் தவறவில்லை.

மிருதுளா சலவையை நிறுத்திவிட்டு அதே படங்களை மறுபடி போட்டாள். மங்கலாக, அழுக்காக, ஓரமெல்லாம் கலைந்து, அவை வந்தன. ஆமாம் என்று வர வேண்டிய இடத்தில் ஆமாம் ஒளிர்ந்தது. இல்லை என்று வர வேண்டிய இடத்தில் இல்லை ஒளிர்ந்தது.

"என்னங்க தெரியுது?" என்று தாரணி பின்னாலிருந்து கேட்டாள்.

"இங்கயே உக்காருங்க. எங்கயும் போயிராதீங்க," என்று சொல்லிவிட்டு மிருதுளா ஓடினாள்.

டாக்டர் இம்மானுவேல் பொறுமைசாலி. அவள் மூச்சு வாங்கச் சொன்னதை முழுக்கக் கேட்டார். அவள் கொண்டுவந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"சலவை பண்ணாத படத்த நான் ஒத்துக்க முடியாது மிருதுளா. சட்டமும் ஒத்துக்காது."

"சார், அவரு உள்ள இருக்காரு. கேள்வி முடிஞ்சதும் ம் கொட்டறாரு. அப்புறம் பதில் நினைக்கறாரு. ரெண்டும் ஒட்டி ஒட்டி வருது. மிஷின் ம்மைக் கழுவறப்போ பதிலையும் சேத்துக் கழுவிருது. அழுக்குத் தண்ணியோட அரிசியையும் ஊத்தற மாதிரி."

"சலவை எதுக்கு வந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? வேற ஊர்ல ஒரு பையன். மூச்சு மிஷின் தலைய ஆட்டுன ஆட்டத்தப் பதில்னு நம்பிட்டாங்க. அவனோட அம்மா ரெண்டு வருஷம் தினமும் பையன்கிட்ட கேள்வி கேட்டு, மிஷின் சொன்ன பதிலக் கேட்டு, அழுது, சிரிச்சு... உள்ள ஒண்ணுமே இல்ல. அது தெரிஞ்ச அன்னிக்கு அந்தம்மா என்ன ஆனாங்கன்னு எனக்குத் தெரியும். நான் அங்கதான் வேலை பாத்தேன்." அவர் குரல் உயரவில்லை. "அசைவோட வர்ற எந்தப் பதிலையும் நம்பக் கூடாதுன்னு கூட்டத்துல எழுந்து சொன்னது யாரு?"

அவள்தான். கைதட்டல்கூடக் கிடைத்தது.

"மிஷின் செஞ்சவங்க ஊர்ல, ஒருத்தர் பேசினா கேக்கறவங்க வாய மூடிட்டு இருப்பாங்களா இருக்கும் சார். நம்ம ஊர்ல ம் கொட்டாம கேட்டா அது மரியாதையா? நான் இப்ப பேசறப்போ நீங்க எத்தனை தடவ கொட்டுனீங்க தெரியுமா?"

டாக்டர் ம் என்று தொடங்கிப் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"சோதனையத் தள்ளி வைங்க சார்."

"அந்த அதிகாரம் எனக்கில்ல. மருத்துவ வாரியம் தேதி குடுத்தது. இன்னிக்கு வரலைன்னா ஒளிரலைன்னுதான் அர்த்தம் பண்ணுவாங்க."

"அசையாம பதில் சொன்னா?"

"அசையாம சொன்னா சலவைக்கு அப்புறமும் நிக்கும். செல்லும். ஆனா அவருக்கு யாரு போய்ச் சொல்லிக் குடுக்கறது? சோதனைக்கு முன்னாடி பயிற்சி குடுக்கக் கூடாது. குடுத்தது தெரிஞ்சா சோதனையும் செல்லாது, உங்க வேலையும் இருக்காது."

டாக்டர் கண்ணாடியை எடுத்து மெதுவாகத் துடைத்தார். அவளைப் பார்க்கவில்லை.

"உள்ள அனுப்பறதுக்கு முன்னாடி குடும்பத்துக்கு விடைபெறக் கொஞ்ச நேரம் குடுப்போம்," என்றார். "அதுல யாரு என்ன பேசினாங்கன்னு நான் இதுவரைக்கும் கேட்டதில்ல. கேக்கக் கூடாதுங்கறதும் விதிதான்."

மிருதுளா கதவுவரை போய்த் திரும்பினாள். "சார், இதுக்கு முன்னாடி மூணுலயும் தோத்தவங்க..."

"கழிச்ச அசைவ எத்தனை நாள் வச்சிருப்பீங்க?"

"ஒரு மாசம். அப்புறம் தானா அழிஞ்சிரும்."

"அப்ப அதக் கேக்காதீங்க," என்றார் டாக்டர். அவர் முகம் வெளிறியிருந்தது.

அழிந்துவிட்டது, இனி யாராலும் பார்க்க முடியாது என்ற நினைப்பு வந்ததும் மிருதுளாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அடுத்த கணம் அந்த நிம்மதிக்காகத் தன்னையே அறைந்துகொள்ளலாம் போல் வெட்கமாக இருந்தது.

தாரணியிடம் சுற்றி வளைக்காமல் சொன்னாள். கேள்வி முடிந்ததும் ம் கொட்டக் கூடாது. தொண்டை அசையக் கூடாது. மனசுக்குள் மட்டும் பதில் சொல்ல வேண்டும். நான் சொன்னதாக யாரிடமும் சொல்லாதீர்கள்.

தாரணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பொணமாட்டம் கெடந்தாத்தான் உசுரோட இருக்காருன்னு ஒத்துக்குவீங்க. அப்படித்தானுங்களே?"

"ஆமாங்க," என்றாள் மிருதுளா.

சாயங்காலம் நவநீதனைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்து ஸ்கேன் கூடத்துக்கு முன் நிறுத்தினார்கள். நல்ல உயரமான மனிதர். லேத் ஓட்டிக் காய்த்துப்போன கைகள் இரண்டும் இந்த ஏழு மாதத்தில் மெலிந்து, போர்வைக்கு மேல் கிடந்தன. நர்சுகள் விலகிக்கொண்டார்கள். கேமராவுக்காக முகத்தைத் துடைக்கிற சாக்கில் மிருதுளா பக்கத்திலேயே நின்றாள்.

தாரணி அவர் காதருகே குனிந்தாள். "ஏனுங்க, நாந்தான். கேக்குதுங்களா?"

தாடைக்குக் கீழே தோல் ஒருமுறை துடித்தது. மிருதுளா அதைத் தன் கண்ணால் பார்த்தாள். நூற்றுக்கணக்கான தலைகளின் அசைவை அளந்திருக்கிறாள், ஒன்றைக்கூட இப்படி நேரில் பார்த்ததில்லை.

"கொட்டிட்டீங்களா? நல்லாக் கேட்டுக்கோங்க. இப்ப உங்கள அந்தக் குழாய்க்குள்ள உடுவாங்க. ஒரு பொம்பள பேசுவா. கேள்வி கேப்பா. அவ கேக்கறதுக்கு மனசுக்குள்ள பதில் சொல்லுங்க. ஆனா ம் மட்டும் கொட்டிராதீங்க."

துடித்தது.

"இப்பவுந்தான் கொட்டறீங்க! கொட்டாதீங்கன்னு சொன்னாலும் அதுக்கொரு ம்மா?" அவள் குரல் உடைந்தது. உடைந்ததை விழுங்கிக்கொண்டு மிரட்டலாக மாற்றினாள். "அவ யாரோ எவளோ. இத்தன வருசம் எனக்குக் கொட்டுன ம்ம அவளுக்குப் போயிக் கொட்டுனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிப்போட்டேன். அப்புறம் தோசையெல்லாம் கெடையாது."

துடித்தது. நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்தாள்.

தாரணி தன் உள்ளங்கையை அவர் தொண்டையின் மேல் லேசாக வைத்தாள். "கொட்டுனா மூச்ச நிறுத்திருவாங்க," என்றாள், இந்தமுறை மிரட்டாமல். "என்னைய உட்டுட்டுப் போயிராதீங்க."

சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். மிருதுளாவும் பார்த்துக்கொண்டே நின்றாள். மூச்சு மிஷின் காற்றை இழுத்தது, விட்டது. துடிப்பு வரவில்லை.

"அப்படித்தானுங்க," என்றாள் தாரணி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மொத்தம் எட்டுக் கேள்வி. அதில் ஐந்துக்காவது பதில் ஒளிர வேண்டும். டாக்டரும் மிருதுளாவும் திரைகளுக்கு முன் உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தாரணி நின்றாள்.

"உங்கள் பெயர் நவநீதனா?" என்றது குரல்.

அசைவுக் கோட்டில் கூர் எழுந்தது. படம் இருண்டது. பழக்கதோஷம் லேசில் போகுமா? இரண்டாவது கேள்விக்கும் கூர், இரண்டாவதும் இருட்டு. டாக்டர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். இன்னும் ஒன்றைத்தான் இழக்க முடியும். மிருதுளா தன்னையறியாமல் மைக்குப் பொத்தானை நோக்கிக் கை நீட்டினாள். ஒரே ஒரு வார்த்தை, கொட்டாதீங்க என்று சொன்னால் போதும். டாக்டர் அவள் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

மூன்றாவது கேள்வி முடிந்தது. கோடு எழப் பார்த்தது. பாதியில் அடங்கியது. யாரோ வாசல்வரை வந்து திரும்பிப் போனது போல் இருந்தது. திரையில் ஒரு புள்ளி வெளுத்து, பரவி, ஒளிர்ந்தது.

"வந்திருச்சு," என்றாள் மிருதுளா.

நான்கும் ஐந்தும் ஒளிர்ந்தன. ஆறாவதில், "உங்கள் மனைவியின் பெயர் தாரணியா?" என்று குரல் கேட்டது. கூர் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக எழுந்தது. படம் கறுத்தது. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு அந்தக் கேள்வி காதில் விழவில்லை. விழாததே நல்லது. ஏழாவது ஒளிர்ந்தது. மிச்சம் ஒன்று.

"உங்களுக்கு இப்போது வலி இருக்கிறதா?"

கோடு படுத்த வாக்கில் அப்படியே கிடந்தது. மிருதுளா திரைக்கு அருகே குனிந்தாள். வீட்டுக்குள் நடப்பதாக நினைக்கிற இடம் ஒளிர்ந்தது. மங்கலாக இல்லை. அன்று வந்ததிலேயே அதுதான் வெளிச்சமான படம்.

ஐந்து. பாஸ். மிருதுளா சந்தோஷத்தில் டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சந்தோஷப்படவில்லை. எழுந்து நின்று போனை எடுத்திருந்தார்.

"எட்டாம் பெட்டுக்கு வலி மருந்து. இப்பவே. ஆமா, நாந்தான் நிறுத்தச் சொன்னேன். பங்குனியில நிறுத்துனது." போனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தபடி நின்றார். வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது.

தாரணிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் மிருதுளாவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மிருதுளா சொல்ல வேண்டிய மிச்சத்தையும் சொன்னாள். தேறியவர்களுக்கு மாதாமாதம் சோதனை உண்டு. ஒவ்வொரு முறையும் சலவை உண்டு. இந்த மாதம் தேறியது அடுத்த மாதத்துக்குச் செல்லாது.

வாரியத்துக்கு மிருதுளா எழுதினாள். நேரில் போனாள். படங்களைக் காட்டினாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள், டீ கொடுத்தார்கள். குழு அமைக்கிறோம் என்றார்கள். ஒருவர் மட்டும் லிஃப்ட்வரை கூட வந்து மனம்விட்டுப் பேசினார். "இன்னிக்குச் சலவை தப்புன்னு ஒத்துக்கிட்டா, நேத்து வரைக்கும் நாம எடுத்த முடிவெல்லாம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களாம்மா?" அவள் யோசித்திருந்தாள். தூங்கவிடாமல் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த சோதனைக்குச் சில நாட்கள் இருக்கும்போது எட்டாம் படுக்கைப் பக்கம் போனாள். தாரணி பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் வண்டியை இவர்கள் வாசலை அடைத்து நிறுத்தியது, அதைக் கேட்கப் போய்க் கடைசியில் அவர்கள் வீட்டுப் பந்தியிலேயே உட்கார்ந்து கேசரி சாப்பிட்டது, அதில் முந்திரியே இல்லாதது எல்லாம் ஒரே ஓட்டமாக வந்துகொண்டிருந்தது. ஒரு விஷயம் முடிவதற்குள் அடுத்ததைப் பிடித்துக்கொண்டாள். எங்கேயும் நிற்கவில்லை. மூச்சுகூட வார்த்தைக்கு நடுவில் திருட்டுத்தனமாக எடுத்தாள்.

"கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுப் பேசுங்களேன்," என்றாள் மிருதுளா.

தாரணி கையைக் காட்டி அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள். "நிறுத்துனா கொட்டிப்போடுவாருங்க. எடம் குடுக்காமப் பேசுனா பழக்கம் உட்டுப்போயிரும்னுதான். இப்பல்லாம் கொட்டறதே இல்லீங்க. நல்லாப் பழகிட்டாரு." நல்ல செய்தி போலத்தான் சொன்னாள். சொல்லி முடித்ததும் அவள் கண் நிறைந்துவிட்டது. "டீ வாங்கிட்டு வந்தர்றேன். அதுவரைக்கும் பக்கத்துல இருங்க மேடம், தனியா உட வேணாம்."

மிருதுளா படுக்கையருகே நாற்காலியில் உட்கார்ந்தாள். தாரணியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து, படிக்கட்டில் இறங்கி, இல்லாமல் போனது.

நவநீதனின் தாடைக்குக் கீழே தோல் துடித்தது.

மிருதுளா நிமிர்ந்தாள். யாரும் பேசவில்லை. மறுபடி துடித்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு, மறுபடி. வாசலை அடைத்த வண்டிக்கு ஒன்று, பந்திக்கு ஒன்று, முந்திரி இல்லாத கேசரிக்கு ஒன்று என்று, அவள் பேசும்போது அடக்கி வைத்திருந்ததையெல்லாம், அவளுக்குத் தெரியாமல், அவர் இப்போது வரிசையாகக் கொட்டிக்கொண்டிருந்தார்.

மிருதுளா எதையும் அளக்கவில்லை. அவர் கொட்டி முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.